குடியை நிறுத்த ஒரு குழுவைத் தேடிப் போகிறவருக்கு

முதல் தடவை போனபோது நான் உள்ளே நுழையவே இல்லை. மாதா கோயில் வளாகத்துக்குள் ஒரு பள்ளிக்கூட அறை, டியூப்லைட் வெளிச்சம், உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். வாசலைத் தாண்டிப் போய்த் தெருமுனையில் ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்து மறுபடியும் தாண்டிப் போனேன். அன்றைக்கு ராத்திரி எங்கே போய் முடிந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரம் உள்ளே போனேன். துணிச்சல் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முந்தின நாள் போன் செய்திருந்தேன். எடுத்தவர் "கேட் பக்கத்துல நீலச் சட்டையில நிப்பேன், வாங்க" என்று சொல்லியிருந்தார். சொன்னபடி நின்றார். ஒருவர் நமக்காக நிற்கும்போது தாண்டிப் போவது கஷ்டம்.

இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் சுற்றிவரும். குழுவின் முகவரி கிடைப்பது சுலபம். வாசலில் ஓர் ஆளை நிற்கவைத்துவிட்டுப் போவதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை. நான் எழுதுவது தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து. பெரும்பாலும் ஏ.ஏ. என்று எல்லோரும் சொல்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களைப் பற்றி.

கூட்டத்துக்கு முன்னால் உடம்பு

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? பல் தேய்க்கும்போது குமட்டுகிறதா? ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் சட்டைப் பட்டனைப் போட முடிகிறதா? அப்படியென்றால் "நாளையிலிருந்து ஒரு சொட்டு கிடையாது" என்று நீங்களாகவே சட்டென்று நிறுத்தாதீர்கள். குடியை நிறுத்தச் சொல்லும் கட்டுரையில் இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் பல வருஷம் தினமும் நிறையக் குடித்த உடம்பில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து முதல் இரண்டு நாட்கள்தான் வலிப்புக்குப் பயப்பட வேண்டிய காலம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரை இன்னொரு ஆபத்து உண்டு. ஆள் குழம்பிப்போவார், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சலடிக்கும், வியர்த்துக் கொட்டும். வீட்டில் இதைப் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்துக் கோடாங்கியைத் தேடுகிறார்கள். இது உயிரை எடுக்கக்கூடிய மருத்துவ நிலை. 108-க்கு அடியுங்கள்.

டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. அதற்கு முன்னால் தேவைப்படுகிறவர் முந்தின இரவே ஒரு குவார்ட்டரை எங்காவது பதுக்கி வைத்திருப்பார். நான் மோட்டார் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பதுக்குகிற கட்டத்துக்கு வந்துவிட்டவர், முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போவது நல்லது.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கி அங்கே போனால் போதும், பணம் கிடையாது. 'மனநலம்' என்ற பலகையைப் பார்த்ததும் பலர் திரும்பிவிடுகிறார்கள். அந்த வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள், உங்களைப் போலக் குடிக்காக வந்தவர்களும் இருப்பார்கள். டாக்டர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்பார். மனைவியிடம் சொல்கிற கணக்கை அங்கே சொல்லாதீர்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கிற மருந்தின் அளவு உங்கள் பதிலைப் பொறுத்தது. பெரும்பாலும் தயமின் என்ற வைட்டமின் பி1-உம் சேர்த்துக் கொடுப்பார்கள். நாள்பட்ட குடியில் அது உடம்பில் வற்றிப்போயிருக்கும், மூளைக்கு அது அவசியம். தூக்க மாத்திரையைத் தெரிந்த மெடிக்கலில் வாங்கி நீங்களே வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம். அதைக் குடியோடு சேர்த்துப் போட்டால் மூச்சே நின்றுவிடலாம்.

கை நடுக்கமெல்லாம் இல்லை, வாரக்கடைசியில் மட்டும் அளவு மீறிப்போகிறது என்பவர் நேராகக் கூட்டத்துக்கே போகலாம்.

எங்கே தேடுவது

ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. ஒருவர் பங்குச்சந்தைத் தரகர், இன்னொருவர் அறுவை மருத்துவர். இந்தியாவுக்கு 1957-இல் டெல்லி வழியாக வந்தது. இன்று இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் எந்த ஊரில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூட்டம் என்று தேடலாம். அதை முதல் படியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழுக்கள் இடம் மாறும், பொறுப்பாளர் மாறுவார், போன் நம்பர் மாறும். பட்டியலை மட்டும் நம்பி பஸ் ஏறிப் போய், பூட்டின அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. ஒரு பூட்டின கதவு போதும், "பாத்தியா, நான் போனேன், அங்க யாருமே இல்ல" என்று மூன்று மாதத்துக்குச் சாக்கு கிடைத்துவிடும்.

நம்பர் எதுவும் கையில் இல்லையென்றால் 14446. மத்திய சமூக நீதி அமைச்சகம் நடத்தும் போதை மீட்பு உதவி எண், கட்டணம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் சிகிச்சை மையங்களைச் சொல்வார்கள். மனசு ரொம்ப உடைந்துபோயிருந்தால், செத்துப்போகலாமா என்கிற எண்ணம் வந்தால், 14416. இது டெலி மனஸ் என்ற மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

எனக்குத் தெரிந்தவரை மிக நம்பகமான வழி இணையதளமும் அல்ல, உதவி எண்ணும் அல்ல. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ, ஒரு நல்ல சிகிச்சை மையத்திலோ இருக்கும் சமூகப் பணியாளரிடம் நேரில் கேளுங்கள். "இங்க ஏ.ஏ. ஆட்கள் யாராவது வருவாங்களா?" என்று கேட்டால் போதும். பல மையங்களுக்குக் குழு உறுப்பினர்கள் வாரத்தில் ஒருநாள் போய் உள்நோயாளிகளிடம் பேசுவது வழக்கம். அந்த நாளில் அங்கே இருந்தால் ஆளையே பார்த்துவிடலாம். சென்னையில் இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் பழைய பெயர். சாந்தி ரங்கநாதன் 1980-இல், குடியால் கணவரை இழந்த பிறகு தொடங்கியது. அங்கே சிகிச்சை பெற்று வெளியே வந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள்.

இன்னொரு வழி, பெரிய கத்தோலிக்கத் தேவாலயங்களின் அலுவலகத்தில் விசாரிப்பது. பல குழுக்கள் தேவாலய வளாகத்து அறையிலோ மிஷன் பள்ளிக்கூடத்திலோதான் கூடுகின்றன. வாடகை குறைவு, சாயங்காலம் காலியாக இருக்கும், அவ்வளவுதான் காரணம். மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் அம்மா பயந்தார். ஏ.ஏ. எந்த மதத்தோடும் கட்சியோடும் அமைப்போடும் சேர்ந்ததில்லை. எங்கள் அறையில் நெற்றி நிறையத் திருநீறு பூசியவரும், தொழுகை முடித்துத் தொப்பியோடு வருகிறவரும், கருப்புச் சட்டைத் தோழர் ஒருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

தெருக்காரர் யாராவது பார்த்துவிட்டால்? இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. (டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடந்தபோது பார்த்தவர்களைப் பற்றி அப்போது கவலைப்படவில்லை என்பது வேறு விஷயம்.) முதலில் பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து, வீட்டுக்குக் கிட்ட இருக்கும் குழுவுக்கு மாறிவிடுங்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய கூட்டத்துக்கு மழை நாளில் போக மாட்டோம். மழை நாளில்தான் குடிக்கத் தோன்றும்.

போனில் என்ன பேசுவது

பலருக்கு இங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நான் பேசியது கிட்டத்தட்ட இப்படி:

"அண்ணே, உங்க நம்பர் ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. மீட்டிங் பத்திக் கேக்கணும்."

"சொல்லுங்க தம்பி. உங்களுக்கா, வீட்ல யாருக்காவதா?"

"எனக்குத்தான்."

"நல்லது. நாளைக்கு ஏழு மணிக்கு மீட்டிங். வர்றீங்களா?"

"இன்னைக்குக் கொஞ்சம் போட்டிருக்கேன். நாளைக்கும் போடாம வர முடியுமான்னு தெரியல."

"போட்டிருந்தாலும் வாங்க. பேசாம உக்காந்து கேளுங்க, போதும்."

ஊர், வேலை, சாதி, சம்பளம் எதையும் அவர் கேட்கவில்லை. நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று விஷயத்தை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கூட்டம் கட்டாயம் நடக்கிறதா? தமிழில் நடக்குமா? (சென்னை போன்ற இடங்களில் ஆங்கிலத்தில் நடக்கும் குழுக்களும் உண்டு.) வாசலில் யார் நிற்பார், அவரை எப்படி அடையாளம் தெரிந்துகொள்வது? மூன்றாவது கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். அவர்களே ஒரு காலத்தில் அந்த வாசலைத் தாண்டிப் போனவர்கள், புரிந்துகொள்வார்கள்.

பெண்கள் கூடுதலாக ஒன்று கேட்கலாம்: பெண் உறுப்பினர் யாராவது இருக்கிறார்களா? பெரும்பாலான அறைகளில் ஆண்களே நிறைந்திருப்பார்கள். பெண் குடிக்கிறாள் என்றால் ஊர் பேசுகிற பேச்சே வேறு என்பதால், வரவே தயங்குகிறார்கள். ஒரு பெண் உறுப்பினரோடு முதலில் போனில் பேசிவிட்டுப் போவதும், சில வாரம் இணையவழிக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் நல்ல வழி. கொரோனா காலத்துக்குப் பிறகு இணையவழிக் கூட்டங்கள் நிலைத்துவிட்டன. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் தம்பிமாருக்கும் அதுதான் கைகொடுக்கிறது.

உள்ளே என்ன நடக்கும்

ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம். ஒருவர் கூட்டத்தை நடத்துவார். ஒரு சின்ன முன்னுரை வாசிப்பார்கள். அதில் ஒரு வரியை நீங்கள் கவனிப்பீர்கள்: உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அப்புறம் ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார்கள். குடிகாரன் என்ற வார்த்தையை அங்கே கேட்க மாட்டீர்கள். நாற்பது வருஷம் வசவாகவே கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஒரு வார்த்தை மாறுவதே என்னவோ போல இருக்கும்.

ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கிட மாட்டார்கள், புத்திமதி சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வந்தால் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, "இன்னைக்குக் கேக்க வந்தேன்" என்று உட்கார்ந்துவிடலாம். கைப்பையோ உண்டியலோ சுற்றிவரும். உறுப்பினர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள், அறை வாடகைக்கும் டீக்கும். புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதும் இல்லை. கடைசியில் எழுந்து நின்று ஒரு பிரார்த்தனை. கடவுள் நம்பிக்கை இல்லாதவர் சும்மா நின்றால் போதும். ஏ.ஏ.-வின் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும், உண்மைதான். 'நாம் புரிந்துகொண்டபடி' என்று கூடவே சேர்த்திருக்கிறார்கள். எங்கள் கருப்புச் சட்டைத் தோழர் தனக்கு மேலான சக்தி என்று இந்த அறையைத்தான் சொல்கிறார். பல வருஷமாகக் குடிக்கவில்லை. அதுவும் ஒத்துவரவில்லை, ஆங்கிலம் பழக்கம் என்றால், ஸ்மார்ட் ரெக்கவரி என்று கடவுள் பேச்சே இல்லாத இன்னொரு முறை உண்டு, இணையத்தில் கூடுகிறார்கள்.

இதெல்லாம் வேலை செய்யுமா, வெறும் பேச்சா என்று படித்தவர்கள் கேட்பார்கள். 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்தவற்றை, சேர்த்து அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில், ஏ.ஏ.-வில் சேர முறையாக வழிகாட்டும் சிகிச்சைகள், மற்ற சிகிச்சைகளைவிட மேலாக இருந்தன என்றது. மருந்தை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு மட்டும் வா என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மருந்து டாக்டர் வேலை, குழுவுக்கு அதில் கருத்துச் சொல்ல இடமில்லை.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். எனக்கு முதல் கூட்டத்தில் ஒரு பெரியவர் இருபத்தைந்து நிமிஷம் பேசியதில் ஆத்திரமே வந்தது. குழுவுக்குக் குழு வாடை வேறு. குறைந்தது மூன்று குழுக்களில் உட்கார்ந்து பாருங்கள், ஒரே குழுவிலும் மூன்று தடவை. 90 நாளில் 90 கூட்டம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பெரிய நகரத்தில் சாத்தியம், சின்ன ஊரில் வாரத்துக்கு இரண்டுதான் கிடைக்கும். மீதி நாளைக்கு போன் இருக்கிறது.

அந்த போன் நம்பர்கள் முக்கியம். கிளம்புவதற்கு முன் இரண்டு மூன்று பேருடைய நம்பரை வாங்குங்கள். வாங்கின அன்றே ஒருவருக்குச் சும்மா அடித்துப் பேசிவிடுங்கள். குடிக்கத் தோன்றும்போதுதான் முதல் தடவையாக அடிப்பேன் என்று வைத்திருந்தால் அடிக்கவே மாட்டீர்கள். சில வாரம் கழித்து, யாருடைய பேச்சு உங்களுக்கு ஒட்டுகிறதோ அவரை ஸ்பான்சராக, அதாவது உங்களுக்குத் தனியாக வழிகாட்டும் பழைய உறுப்பினராக, இருக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். கடன் கொடுப்பது, வேலை வாங்கித் தருவது, பெண்டாட்டியைச் சமாதானப்படுத்தித் திரும்பக் கூட்டிவருவது எல்லாம் அவர் வேலை இல்லை. அவரிடம் கைமாற்றுக் கேட்டு உறவைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சபரிமலைக்கு மாலை போட்ட நாட்களில் தொடவே தொடாமல் இருந்துவிட்டு, மாலையைக் கழற்றின அன்றைக்கே ஆரம்பித்தவர்கள் எங்கள் அறையில் நிறையப் பேர். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு, கயிறு அறுந்ததும் போனவர்களும் உண்டு. எங்களுக்கு நிறுத்தத் தெரியாமல் இல்லை, நூறு தடவை நிறுத்தியிருக்கிறோம். கழற்றின மறுநாளைக்கு என்ன செய்வது என்றுதான் தெரியாமல் இருந்தது. எனவே தீபாவளி போனஸ், கிடாவெட்டு, மச்சான் கல்யாணம், சாவு வீடு என்று தெரிந்த ஆபத்துகளை முன்கூட்டியே குழுவில் சொல்லிவிடுங்கள். சறுக்கிவிட்டால் மறுநாளே திரும்பிப் போங்கள். அங்கே யாரும் "இவ்வளவு சொல்லியும்..." என்று ஆரம்பிக்க மாட்டார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

குடிக்கிறவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடும்பத்தினருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951-இலிருந்து இருக்கிறது. ஏ.ஏ. ஆட்களிடம் கேட்டால் அந்தக் கூட்டம் எங்கே என்று சொல்வார்கள். என் மனைவி எனக்கு நான்கு மாதம் முன்னாலேயே போக ஆரம்பித்துவிட்டாள். நான் வாந்தி எடுத்த இடத்தைக் கழுவுவதையும், ஆபீசுக்குப் போன் செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்வதையும் அவள் நிறுத்தியபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் போனிலும் "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று விளம்பரம் வரும். குழம்பில் கலக்கும் பொடி. அதில் டைசல்ஃபிராம் போன்ற மருந்து கலந்திருந்தால், தெரியாமல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லி, நோயாளியே தெரிந்து சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. திருட்டுத்தனமாகக் கலக்காதீர்கள்.

மையத்தில் சேர்ப்பதாக இருந்தால் இன்னும் கவனம். என் நண்பர் ஒருவரை ராத்திரியில் நான்கு பேர் வேனில் தூக்கிப் போனார்கள். மூன்று மாதம் பூட்டிய ஹாலில் இருந்தார், டாக்டரைப் பார்த்தது ஒரே தடவை. வெளியே வந்த அன்றைக்கே குடித்தார். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருவார், நோயாளி வீட்டோடு பேசலாமா, நாங்கள் உள்ளே வந்து படுக்கும் இடத்தைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு முடியாது என்றால் கிளம்பிவிடுங்கள். கூட்டத்துக்குப் போகிற பழக்கமுள்ளவர்களிடம் விசாரித்தால் எந்த மையம் எப்படி என்று பூசி மெழுகாமல் சொல்வார்கள், பலர் உள்ளே இருந்து வந்தவர்கள்தானே.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. கொஞ்ச நாள் போனதும் உங்களிடம் ஏதாவது வேலை கொடுப்பார்கள். நாற்காலி போடுவது, டீ வாங்கிவருவது, அறையைத் திறப்பது. மாட்டேன் என்று சொல்லாதீர்கள். எனக்கு மூன்றாவது மாதம் அறைச் சாவியைக் கொடுத்தார்கள். வீட்டில் பீரோ சாவியைக்கூட என்னிடம் கொடுக்காத காலம் அது. கார்த்திகை மாதம், விடாத அடைமழை. ஒரு கூட்டம்கூட என்னால் தவறவிட முடியவில்லை. நான் போகாவிட்டால் பன்னிரண்டு பேர் குடையோடு வெளியே நிற்பார்கள்.